கைகள் சொல்லும் வணக்கம்

விழாத் தலைவர் அவர்களே, அன்போடு என்னை அழைத்த செயலாளர் அவர்களே, உடல்நலம் சரியில்லாதபோதும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் புரவலர் ஐயா அவர்களே, இனிய வரவேற்புரை வழங்கிய பேராசிரியர் அம்மா அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உலக மக்கள் எப்படி வணக்கம் சொல்கிறார்கள், அதில் சமயத்தின் பங்கு என்ன, காலம் அதை எப்படி மாற்றியது என்று மூன்று பகுதிகளாகப் பேச வந்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: அகத்தின் அழகு முகத்தில் தெரியும்.

ஜப்பானில் எதிரில் இருப்பவரின் மதிப்புக்கேற்ப ஆழமாகக் குனிகிறார்கள். தாய்லாந்தில் மரியாதை கூடக்கூடக் கூப்பிய கை நெஞ்சிலிருந்து முகத்துக்கு உயரும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் சேர்ப்பார்கள். கைகுலுக்கலும் நேற்று வந்ததல்ல, கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரியச் சிற்பத்தில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசர் பாபிலோன் மன்னனின் கையைப் பற்றி நிற்கிறார். இவற்றில் எதற்கும் வாய் திறக்கவே வேண்டாம். அப்படியிருக்க, காது கேளாதவரைக் கண்டால் மட்டும் நாம் ஏன் தடுமாறுகிறோம்?

ஒரு குடும்ப விழாவில் பார்த்ததைச் சொல்கிறேன். நண்பரின் மகளுக்குக் காது கேட்காது. வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய அம்மாவிடம், "பாப்பா நல்லா இருக்காளா?" என்று கேட்டார்கள். பாப்பாவுக்குக் கல்லூரி வயது! பக்கத்திலேயே நிற்கிறாள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் பின்னாலிருந்து, "என்னம்மா, சௌக்கியமா?" என்றார். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்புறம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது ஒரு சின்னக் குழந்தை, அவளுடைய சித்தி மகள், ஓடி வந்தது. முன்னால் போய் நின்று, கையைத் தொட்டு, அவள் குனிந்து பார்த்ததும் சைகையில் வணக்கம் சொன்னது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததே! பெரியவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எனக்கும் சொல்லிக்கொடு கண்ணு" என்று குழந்தையிடமே கற்றுக்கொண்டு, நேராக அவளிடம் போய்ச் செய்துகாட்டினார். விரல் சரியாக மடங்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துத் திருத்தினாள்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும். சைகை மொழியில் இது இலக்கணமும்கூட. பல சைகை மொழிகளில் புருவம் உயர்ந்தால் அது ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வி. உலகில் 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருப்பதாக உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு சொல்கிறது. 1951 செப்டம்பர் 23 அன்று அது தொடங்கியது; அந்த நாளையே 2018 முதல் பன்னாட்டுச் சைகை மொழிகள் நாளாகக் கொண்டாடுகிறோம்.

காது கேளாதவருக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்வது கடினமில்லை. அவர் பார்வையில் படும்படி நில்லுங்கள். தேவைப்பட்டால் தோளை மெல்லத் தட்டுங்கள். கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். துணைக்கு வந்தவரிடம் பேசாதீர்கள், அவரிடமே பேசுங்கள்.

சமயம், காலம் பற்றிய மற்ற இரண்டு பகுதிகளை இன்னொரு மேடையில் பேசுவேன். தலைவர் அவர்களிடம் ஒரே விண்ணப்பம்: அடுத்த ஆண்டு இந்த மேடையில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள், அவரது கைகள் தெரியும் இடத்தில் இரண்டு வரிசை நாற்காலிகளை ஒதுக்குங்கள். அழைப்பிதழிலும் அதை அச்சிடுங்கள். நன்றி.