கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள்

(யாங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில், திருவிழா அன்னதானக் குழுவினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, சமையல் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தர்மத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நம்மிடம் கொடுக்கும் கைக்குப் பஞ்சமில்லை. தைப்பூசம் வந்தாலும் தீமிதி வந்தாலும் அண்டா அண்டாவாகச் சோறு வேகிறது. பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு பர்மியக் குடும்பங்களும் வருகின்றன. இதெல்லாம் நம் பெருமைதான். ஆனால் அந்தச் சோறு யார் இலையில், எப்போது விழுகிறது என்று கேட்கத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

முதல் பந்தி உபயதாரர் வீட்டாருக்கு. அடுத்தது நிர்வாகிகளுக்கும் அவர்களுடைய விருந்தாளிகளுக்கும். நடுவில் நாலைந்து தூக்குவாளிகள் நிரம்பிக் கார் ஏறுகின்றன. வாசலில் காலையிலிருந்து நிற்கிற கிழவிக்கும், கைக்குழந்தையோடு வந்தவளுக்கும் கடைசிப் பந்தி. அவர்கள் உட்காரும்போது பாயசம் தீர்ந்திருக்கும், வடை தீர்ந்திருக்கும், சாம்பாரில் தண்ணீர் சேர்ந்திருக்கும். பசியில்லாதவர் முதலில் சாப்பிட்டார், பசித்தவர் காத்திருந்தார். இதை நாம் சாமியின் பெயரில் செய்கிறோம் என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. பசி என்று வந்தால் போதும், இலை போடுவார்கள். அவர் படத்துக்கு மாலை போடாத மண்டபம் நம்மிடம் உண்டா? படம் மாட்டியிருக்கிற சுவருக்குக் கீழேயே நாம் வரிசை பிரிக்கிறோம்.

சரி, சோற்றை விடுங்கள். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சோற்றுக்கான பணம் எப்படி வந்தது என்பது.

இந்த மண்ணில் நம்மவர்கள் செய்த தர்மத்தின் கதையை நாம் பாதிதான் சொல்லிவருகிறோம். இன்றைய ஷ்வேபொந்தா தெரு அன்று மொகல் தெரு. செட்டியார்களின் லேவாதேவித் தொழிலுக்கு அதுதான் நடுநாயகம். 1930 வாக்கில் வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழு, பர்மா முழுக்க சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவை கொடுத்திருந்த கடன் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அவர்கள் பிள்ளையார் சுழி போடாமல் பேரேட்டைத் திறந்ததில்லை. தொழிலிலிருந்து சாமிக்கென்று ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். அந்த மகமையில் இங்கேயும் செட்டிநாட்டிலும் கோயில்கள் எழுந்தன, சத்திரங்கள் எழுந்தன. அந்த பக்தி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சிக்கனமாக, நாணயமாக வாழ்ந்தவர்கள். மற்ற வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பர்மிய விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது 25 சதவீதம் ஆயிற்று. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள் அல்லர், கொடுத்த பணம் திரும்பி வந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள். ஆனால் வரப்பில் நின்று அழுத விவசாயிக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அவன் கண்ணில் பட்டது ஒன்றுதான்: நிலம் போயிற்று, நிலத்தை வாங்கிக்கொண்டவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

அந்த ஆண்டுகளில் சாமிக்கு எடுத்து வைத்த மகமையைப்போல, அந்த விவசாயிக்காகவும் ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தால்? வட்டியைத் தள்ளுபடி செய்து ஒரு தவணை பொறுத்திருந்தால்? அதுவும் திருப்பணிதான். நம்மவர்மேல் வெறுப்பு வளர வேறு காரணங்களும் இருந்தன, வெள்ளைக்கார ஆட்சிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் விலை கொடுத்தது யார் என்று பாருங்கள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது கப்பலுக்குக் காசிருந்தவர்கள் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கும் ஒரு ரூபாய் கடன் கொடுத்திராத கூலிக்காரர்கள் அரக்கான் மலை வழியாகவும் எல்லை ஊரான தாமு வழியாகவும் நடந்தே போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர்.

இன்று நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. பழக்கம் மட்டும் மாறவில்லை. திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் உபயம் எழுதுகிறவர் கடையில் வேலை செய்கிற பையனுக்கு மூன்று மாதச் சம்பளம் நிற்கிறது. தேநீர்க் கடை பெஞ்சிலேயே படுத்துத் தூங்குகிற பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் கையால் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்கு வருகிறோம். கூலியைக் கொடுக்காமல் கொடுக்கிற காணிக்கை அந்தப் பையனுடைய பணம். உண்டியலில் போட்டதால் அது நம்முடையது ஆகிவிடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள். தகப்பனார் இறந்துபோனார். காரியத்துக்கு உதவி கேட்டு ஒரு கோயில் நிர்வாகத்திடம் போனார்கள். அங்கே முதலில் எடுத்தது சந்தா நோட்டு. பாக்கி இருக்கிறது, அதைக் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிணம் வீட்டில் கிடக்கிறது. கடைசியில் பர்மியர்கள் நடத்துகிற இலவச ஈமச் சேவை வண்டி வந்து எடுத்துப் போனது. வந்தவர்கள் மதத்தைக் கேட்கவில்லை, எந்த நேரம் உங்களுக்குத் தோது என்று மட்டும் கேட்டார்கள்.

இந்தச் சேவை இந்த ஊரில் எப்படி வளர்ந்தது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2001இல் இயக்குநர் துக்காவும் நடிகர் சோ தூவும் சேர்ந்து யாங்கூனில் தொடங்கினார்கள். சவப்பெட்டி வாங்கக் காசில்லாத குடும்பங்களுக்காக. பிண வண்டி வேலை என்றாலே முகத்தைச் சுளிக்கிற ஊரில், எல்லோருக்கும் தெரிந்த நடிகர் தன் தோளில் பெட்டியைச் சுமந்தார். பிறகு அந்தச் சேவையினரே இலவச மருத்துவமனையும் திறந்தார்கள். 2008இல் நர்கீஸ் புயல் அடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோதும், அதிகாரிகள் வரட்டும் என்று காத்திருக்காமல் யாங்கூன் ஜனங்களே அரிசியையும் தார்ப்பாயையும் ஏற்றிக்கொண்டு ஐராவதி டெல்டாவுக்குப் போனார்கள்.

நம் தெருமுனைகளில் நிழல் கூரைக்குக் கீழே தண்ணீர்ப் பானைகள் வைத்திருக்கிறார்களே, தினமும் நாம் குடிக்கிறோம். யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து அந்தப் பானையைக் கழுவி நிரப்புகிறார். நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு பானை வைத்திருக்கிறோம்?

ஆகையால் குழுவிடம் சில விஷயங்களைக் கேட்கிறேன், இந்தத் திருவிழாவிலேயே செய்ய முடிந்தவை. முதல் பந்தியில் வாசலில் நிற்கிறவர்களை உட்கார வையுங்கள். உபயதாரர் பரிமாறட்டும். அவர் பிள்ளைகளும் பரிமாறட்டும், அது அவர்களுக்கு நல்லது. இலை எண்ணிக்கை முடியும்வரை தூக்குவாளி எதுவும் கொட்டகைக்குள் வரக் கூடாது. சாவு வீட்டிலிருந்து வருகிறவரிடம் சந்தா பேசக் கூடாது என்று நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். உபயம் எழுத வருகிற முதலாளியிடம், கடைப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டதா என்று பொருளாளர் ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். வேண்டுமானால் பக்கத்தில் நானும் நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை காய்கறி நறுக்க ஆள் வேண்டும் என்று சமையல்காரர் சொன்னார். வரக்கூடியவர்கள் போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.