அம்மாவின்ர வேதாகமத்தில ஒரு பென்சில் எழுத்து

ஸ்தோத்திரம் பிள்ளையள், வணக்கம். இண்டைக்கு அடுப்படியில இல்லை, விறாந்தையில இருந்துதான் கதைக்கிறன். ஒடியல் கூழ் ரெண்டாவது பாகம் எப்ப எண்டு கனபேர் கேட்டிருந்தியள். வரும், நல்ல நண்டு கிடைச்ச உடன வரும். இண்டைக்கு வேற கதை. ஞாயிற்றுக்கிழமையில இருந்து மனசுக்குள்ள கிடந்து உருளுது, சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு 70 வயசு. ஆராதனையில முன்னுக்குப் போய் ஸ்தோத்திரக் காணிக்கை வைச்சன். போதகர் ஜெபிச்சார், நல்லா இருந்தது. வெளியில வந்தா, கை குடுக்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லி வைச்ச மாதிரி ஒரே வசனம். சங்கீதம் 90, 10ஆம் வசனம். எங்கள் ஆயுசு நாட்கள் எழுபது வருஷம். ஒராள் "இனி எல்லாம் போனஸ்தான் அன்ரி" எண்டார். எனக்கு உது பிடிக்கிறேல்லை. பிடிக்கவே பிடிக்கிறேல்லை. அந்தச் சங்கீதத்தின்ர தலைப்பிலயே மோசேயின்ர ஜெபம் எண்டு கிடக்கு. மோசே 120 வயசு மட்டும் இருந்தவர், கண்ணும் மங்கேல்லை எண்டு உபாகமத்தில எழுதியிருக்கு. காலேப் 85 வயசில வந்து, எனக்கு அந்த மலைநாட்டைத் தா எண்டு கேட்டவர். உதுகளை ஏன் ஒருத்தரும் பிறந்தநாளுக்குச் சொல்லுறேல்லை?

அந்தக் கோவத்தோட வீட்டை வந்து, 90ஐ முழுக்க வாசிச்சுப் பாப்பம் எண்டு அம்மாவின்ர வேதாகமத்தை எடுத்தன். இதுதான். கிட்டப் பிடிக்கிறன், பாருங்கோ. மட்டை கழண்டிட்டுது, பக்கமெல்லாம் அலை அலையா ஊதிக் கிடக்கு. ஏனெண்டு பிறகு சொல்லுறன். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டும் காணாம, பூதக்கண்ணாடியையும் பிடிச்சுக்கொண்டு வாசிச்சன். 14ஆம் வசனம் தெரியும்தானே, "காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்." அதுக்குப் பக்கத்தில, ஓரத்தில, பென்சிலால சின்னனா ஒரு எழுத்து.

31.10.95. கைதடி. தேத்தண்ணி.

அவ்வளவுதான். நான் அப்பிடியே கதிரையில இருந்திட்டன்.

இஞ்ச உள்ள ஆக்களுக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்காகச் சொல்லுறன். 1995 ஒக்ரோபர் 30, சண்டை கிட்ட வர, யாழ்ப்பாணத்தில வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது. பின்னேரம் ஒலிபெருக்கியில அறிவிச்சினம், எல்லாரும் நாவற்குழிப் பாலத்துக்கு அங்கால, தென்மராட்சிக்குப் போங்கோ எண்டு. நாங்கள் மானிப்பாயில இருந்து வெளிக்கிட்டம். மழை. எனக்கு அப்ப 40 வயசு. சைக்கிள் கரியரில அம்மா, பாரில மகன், ஹாண்டிலில அரிசிப் பை. ஓடேலாது, உருட்டத்தான் ஏலும். நாவற்குழிப் பாலத்தில சனம் எண்டா சனம், ஒரு அடி எடுத்து வைக்க அரை மணித்தியாலம் நிண்டிருப்பம். சனம் குடையைத் திருப்பிப் பிடிச்சு மழைத்தண்ணி ஏந்திக் குடிச்சது.

இவ்வளவும் எனக்கு நல்ல ஞாபகம். அந்த இருட்டு, அந்தச் சத்தம், வயசு போன ஆக்கள் ரோட்டோரத்தில இருந்தது எல்லாம் இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா இந்தத் தேத்தண்ணி? முப்பது வருஷமா எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பென்சிலைக் கண்ட பிறகுதான் ஒவ்வொண்டா வந்தது. விடியக்காலமை, பாலம் தாண்டிக் கைதடியில ஒரு வீட்டுக்காரர் கேற்றைத் திறந்து விட்டு, பெரிய சருவத்தில வெறுந்தேத்தண்ணி ஊத்தி ஊத்திக் குடுத்தவை. கூடவே பனங்கட்டித் துண்டு. அம்மா தன்ர துண்டைப் பல்லால கடிச்சு ரெண்டாக்கி, பெரிய பாதியை மகனுக்குக் குடுத்தவ.

ஐயோ, வேதாகமம் ஏன் ஊதினது எண்டு சொல்லாம விட்டிட்டன். அம்மா அதைச் சொப்பின் பையில சுத்தி அரிசிக்குள்ள தாட்டு வைச்சவ. நனையாது எண்டுதான். அரிசியும் நனைஞ்சு இதுவும் நனைஞ்சிட்டுது. சாவகச்சேரியில போய்க் கொடியில காயவிட்டு, பக்கம் பக்கமாப் பிரிச்சவ. அப்பத்தான் அந்தப் பென்சில் எழுதியிருக்க வேணும். அம்மா உடுவில் மகளிர் கல்லூரியில படிச்சவ, 1824இல தொடங்கின பள்ளிக்கூடம். எதுக்கும் திகதி போடாம விடமாட்டா.

பாருங்கோ, ஒரே சைக்கிளில வந்தம். நான் பயத்தை ஞாபகம் வைச்சன், அம்மா தேத்தண்ணியை எழுதி வைச்சா. அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே எண்டு சங்கீதம் 103ஐ நான் ஞாயிறுபள்ளியில எத்தினை பிள்ளையளுக்குப் பாடமாக்கினன்! மறந்தது நான்.

அதுதான், கிடைச்ச உபகாரங்களை எழுதி வைக்க, திங்கக்கிழமையே ரவுணுக்குப் போய் ஒரு சீஆர் கொப்பி, தடிச்ச மட்டை போட்ட கொப்பி, வாங்கினன். இதையும் சொல்லத்தான் வேணும். முதல் கடையில 160 பக்கம் 780 ரூபா எண்டாங்கள். தாளைத் தடவிப் பாத்தா வெங்காயத் தோல் மாதிரி. எனக்குப் பென்சில் வேண்டாம், அழியும். போல்பொயின்ற் எனக்கு எப்பவும் பிடிக்காது எண்டு உங்களுக்குத் தெரியும். மைப்பேனைதான். அந்தத் தாளில மை மற்றப்பக்கம் வந்திடும். என்ர பேனையால ஒரு சொட்டு எழுதிப் பாக்கவோ எண்டு கேட்டன், விடேல்லை. வெயிலுக்குள்ள இன்னும் மூண்டு கடை ஏறி இறங்கினன். கடைசிக் கடையில அந்தப் பெடியன் தானே பழைய கொப்பி ஒண்டை விரிச்சு "எழுதிப் பாருங்கோ அம்மா" எண்டான். ஊறேல்லை! 650 ரூபா. 130 ரூபா மிச்சம், தாளும் தடிப்பு. எனக்கு வந்த சந்தோசம், பஸ்ஸில வரேக்க மடியில வைச்சுத் தடவிக்கொண்டே வந்தன்.

எப்பிடி எழுதுறன் எண்டா, வலப்பக்கத்தில மட்டும். திகதி, இடம், என்ன கிடைச்சது. கடவுள் நல்லவர் எண்டு பொதுவா எழுதுறேல்லை, அப்பிடி எழுதினா ஒண்டும் ஞாபகம் வராது. யோர்தான் ஆத்தைக் கடந்த இஸ்ரவேலர் 12 கல்லைத் தூக்கி வைச்சது, பின்னுக்குப் பிள்ளையள் இது என்ன கல்லு எண்டு கேக்கத்தானே. கல்லு இருந்தாத்தான் கேப்பினம்.

இடப்பக்கம் வெறுமையா இருக்கு. என்ர தம்பி திரும்பி வரேல்லை, அது உங்களுக்குத் தெரியும். அதை நான் உபகாரம் எண்டு எழுதமாட்டன், எழுதச் சொல்லுற ஆக்களோட எனக்குக் கதையும் இல்லை. கேக்க வேண்டியதைக் கேக்க அந்தப் பக்கம். சங்கீதக்காரரும் எதுவரைக்கும் கர்த்தாவே எண்டு கேட்டவைதானே.

இதுவரைக்கும் 23 எழுதியிருக்கிறன். முதலாவது இதுதான், வாசிக்கிறன். "1995 ஒக்ரோபர் 31, விடியக்காலமை, கைதடி. தேத்தண்ணி. பனங்கட்டி ஒரு துண்டு. அம்மா, மகன், நான்."

அந்த வீட்டுக்காரரின்ர பேர் தெரியாது. கண்டி ரோட்டில, நாவற்குழிப் பக்கமிருந்து வரேக்க இடக்கைப் பக்கம். நீலக் கேற். கிணத்தடியில ரெண்டு தென்னை. அந்த வீட்டுப் பிள்ளையள் ஆரும் இதைப் பாத்தா எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. பேர் எழுத ஒரு வரி விட்டு வைச்சிருக்கிறன்.