லட்ச ரூபாய் இயர்ஃபோனில் பேஸ் ஏன் கேட்கவில்லை?

வணக்கம். அடுத்த சந்தேகம் திருச்சியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, போன வருடம் சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள இன்-இயர் இயர்ஃபோனைப் போட்டுப் பார்த்தேன். பேஸே இல்லை. பாட்டு தகர டப்பாவுக்குள் ஓடுவது போல இருந்தது. என்னுடைய 2,000 ரூபாய் இயர்ஃபோனே பரவாயில்லை என்று தோன்றியது. அடுத்த மாதம் மறுபடியும் போகிறேன். குறை என் காதிலா, இல்லை இந்த விலையே ஏமாற்றா? எப்படிப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்?"

தம்பி, உங்கள் காதிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை, அந்த இயர்ஃபோனிலும் குறை இருந்திருக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், அன்றைக்கு அது உங்கள் காதுக்குள் சரியாக உட்காரவே இல்லை. கடையில் இயர்ஃபோனோடு மாட்டியிருந்த ரப்பர் டிப் வேறு யாருடைய காதுக்கோ பொருந்திய அளவு. நீங்கள் கேட்டது அந்த டிப்பின் இடுக்கு வழியாகக் கசிந்த சத்தத்தை.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. ஸ்பீக்கர் ஒரு அறை முழுக்கக் காற்றை அசைக்க வேண்டும். இயர்ஃபோனுக்கு அந்த வேலை இல்லை. அதன் முனைக்கும் உங்கள் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்டிருக்கும் துளிக் காற்றை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு ஒலியைத் தருகிறது. அந்தச் சின்ன அறையில் ஓர் ஓட்டை இருந்தால், மெதுவாக அசையும் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். வேகமாக அசையும் உயர்ந்த ஒலிகளுக்கு அவ்வளவு சேதம் இல்லை. அதனால் பேஸ் காணாமல் போய், மேல் ஒலி மட்டும் மிஞ்சும். நீங்கள் சொன்ன தகர டப்பா அதுதான். லட்ச ரூபாய் இயர்ஃபோனுக்கும் இதே கதிதான், இருநூறு ரூபாய் இயர்ஃபோனுக்கும் இதே கதிதான்.

இந்தக் கருவியின் பிறப்பே காதை அடைப்பதில்தான் இருக்கிறது. பல இன்-இயர்களின் உள்ளே இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற குட்டி டிரைவர், அதாவது ஒலியை எழுப்பும் பாகம், காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்தது. 1991-இல் எடிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்த ஈஆர்-4 காதுக்குள் ஆழமாக இறங்கி, வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டுப் பாட்டைக் கொடுத்தது. 1995-இல் வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்கேற்ற இயர்ஃபோன் செய்தார். மேடை இரைச்சலுக்கு நடுவில் ஒரு டிரம்மருக்குத் தன் குழு வாசிப்பது தெளிவாகக் கேட்க வேண்டும், அதுதான் தேவை. அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. ஆக, அடைப்பு சரியில்லாத இன்-இயரைப் போட்டுக்கொண்டு அதன் ஒலி நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று பேசுவதில் பொருளே இல்லை.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும்? முதலில் எல்லா அளவு டிப்களையும் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறு அளவும் தேவைப்படலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. போடும்போது மற்றக் கையால் காது மடலை மேலேயும் பின்னாலேயும் லேசாக இழுத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி உள்ளே தள்ளுங்கள். காதுத் துளை நேராகும், டிப் ஆழமாகப் போகும். ஃபோம் டிப் என்றால் விரலால் உருட்டிச் சிறிதாக்கி உள்ளே வைத்து, அரை நிமிடம் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், அது விரிந்து அடைக்கட்டும். பிறகு பேஸ் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, இயர்ஃபோனை விரலால் மெல்ல உள்பக்கம் அழுத்துங்கள். திடீரென்று பேஸ் கூடினால் அதுவரை அடைப்பு இல்லை என்று அர்த்தம். அழுத்தினாலும் பெரிய மாற்றம் இல்லையென்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு சோதனை: வாய்விட்டு "ம்ம்ம்" என்று சொல்லிப் பாருங்கள். சொந்தக் குரல் தலைக்குள் முழங்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதும் ஒலியை மாற்றும். காதுத் துளையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அதைத் திறந்து வைத்திருக்கும்போது 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது தானாகவே ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். இயர்ஃபோனால் அடைத்தவுடன் அந்த ஒத்ததிர்வு மேலே நகர்ந்து, பலருக்கு 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் போய் நிற்கும். அது எங்கே நிற்கும் என்பது டிப் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாடகர் "ஸ", "ஷ" சொல்லும்போது காதில் ஊசி குத்துகிறதென்றால், இயர்ஃபோனைக் குறை சொல்வதற்கு முன் வேறு டிப் போட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாக வைத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே குத்தல் அடங்கிவிடும்.

அடுத்தது ஒலி அளவு. இதில்தான் அனுபவம் உள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். 1933-இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் ஒன்றை அளந்து காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை, சத்தம் கூடக் கூட அவை நிறைவாகக் கேட்கும். அதனால் இரண்டு இயர்ஃபோன்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது, கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நமக்குச் "செழிப்பாக" படும். ஃபோனில் வால்யூம் கோட்டை அசைக்காமல் இயர்ஃபோனை மட்டும் மாற்றினால் போதாது, ஒவ்வொன்றும் ஒரே மின்சாரத்துக்கு ஒவ்வொரு அளவு சத்தம் கொடுக்கும். கடையில் அளவுக் கருவி கிடைக்காது. பாடகரின் குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரல் இரண்டிலும் ஒரே தூரத்திலிருந்து பாடுவது போலக் கேட்கும் வரை வால்யூமைத் திருத்திவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.

வால்யூம் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். கடை இரைச்சலில் ஐந்தாறு இயர்ஃபோன் மாற்றி மாற்றிக் கேட்கும்போது கை தானாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் வால்யூமைக் கீழே இறக்குங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: எந்தப் பாட்டைக் கேட்பது? கடைக்காரர் ஒரு டெமோ பாட்டு வைத்திருப்பார். அதில் எந்த இயர்ஃபோனும் பிரமாதமாகத்தான் கேட்கும். நீங்கள் நூறு தடவை கேட்டு, எங்கே மூச்சு விடுகிறார் என்பது வரை தெரிந்த பாட்டுகளைக் கொண்டு போங்கள், நான்கைந்து போதும். என்னுடைய பட்டியலில் முதலில் இருப்பது மிருதங்கத் தனி. மிருதங்கத்தைப் போல இயர்ஃபோனைச் சோதிக்கும் வாத்தியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகம், இரண்டு வேறு குணம். தொப்பியில் ரவை அப்பி வாசிக்கும்போது வரும் கும்கி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு ஏறும். பேஸ் வெறுமனே கூட்டப்பட்ட இயர்ஃபோனில் அந்த வழுக்கல் கேட்காது, "தொம்" என்று ஒரு கட்டி விழும், அவ்வளவுதான். நல்ல இயர்ஃபோனில் உள்ளங்கை தோலை அழுத்திக்கொண்டு நகர்வதே தெரியும். வலந்தலையின் நடுவில் சோறு என்று சொல்லும் கறுப்புப் பூச்சுதான் அதற்குச் சுருதி சேர்ந்த மேலொலிகளைத் தருகிறது. சாதாரணத் தோல் வாத்தியங்களில் மேலொலிகள் சுருதியோடு சேராது. மிருதங்கத்தில் எப்படிச் சேருகின்றன என்று சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். நம் வாத்தியத்துக்குள் இவ்வளவு இருக்கிறது, அதையே உரைகல்லாக எடுத்துக்கொள்ளலாமே.

இரண்டாவது, தம்புரா தனித்துக் கேட்கும் ஓர் ஆலாபனை. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலால் வரும் அந்த ரீங்காரம் ஒரே ஒலி இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்கான ஒலிகள். மேல் ஒலி சரியில்லாத இயர்ஃபோனில் அது வெறும் "ஸ்ஸ்" ஆகிவிடும். மூன்றாவது நாதஸ்வரம். நான் சொன்ன அந்த 3,000 ஹெர்ட்ஸ் பகுதியை அளவுக்கு மீறித் தூக்கி வைத்திருந்தால் நாதஸ்வரம் இரண்டு நிமிடத்தில் காதை வலிக்க வைக்கும். சினிமாப் பாட்டில், பேஸ் கிட்டாரும் வயலின் கூட்டமும் ஒன்றாக நடக்கும் இடம் ஏதாவது உங்களுக்குப் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலிதான். குரலின் இயல்பைப் பார்க்க அவை அருமை, ஆனால் இடம், வலம், விலகல் எதையும் அவற்றில் தேடாதீர்கள்.

விலை ஏமாற்றா என்று கேட்டீர்கள். டிரைவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். சென்ஹைசர் ஐஇ 900 என்ற இயர்ஃபோன் 2021-இல் ஏறக்குறைய 1,300 டாலருக்கு வந்தது, உள்ளே இருப்பது ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டிரைவர். அதைவிடக் குறைந்த விலையில் பத்து டிரைவர் அடைத்த இயர்ஃபோன்களும் இருக்கின்றன. இன்னொரு பக்கம் 20, 25 டாலருக்கு வரும் சீன இயர்ஃபோன்களில் சில, ஒலிச் சமநிலையில் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருக்கின்றன. விலை ஏற ஏறக் கிடைப்பது நுணுக்கம்: கும்கியின் அந்த வழுக்கல், பாட்டு முடிந்த பின் அரங்கத்தில் தேயும் ஒலி. பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு இசை கிடைக்காது. அந்த நுணுக்கம் உங்களுக்கு மகிழ்ச்சி தந்தால் அது ஏமாற்று இல்லை, தராவிட்டால் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடையில் உங்கள் ஃபோன், இயர்ஃபோனை ஃபோனோடு இணைக்கும் உங்கள் டாங்கிள் இவற்றிலேயே கேளுங்கள். விலை உயர்ந்தவற்றில் பல 4.4 மில்லிமீட்டர் பிளக்கோடு இருக்கும், 3.5 கேபிள் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரின் பெரிய ஆம்ப்ளிஃபயரில் கேட்டுவிட்டு வாங்கினால் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம். பல டிரைவர் உள்ள சில இயர்ஃபோன்களின் மின்தடை அலைவரிசைக்கு அலைவரிசை மாறும், அதனால் எதில் செருகுகிறோமோ அதற்கேற்ப அவற்றின் குணமே மாறும்.

சிங்கப்பூரில் கோல்மன் தெருவில் அடெல்ஃபி என்ற கட்டடம் ஹைஃபை கடைகளுக்குப் பெயர் பெற்றது, சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரே நாளில் பத்து இயர்ஃபோன் கேட்காதீர்கள். மூன்று போதும். முதல் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று கவர்வது, அரை மணி நேரத்தில் களைப்பைத் தரும், எனக்குப் பல தடவை நடந்திருக்கிறது. பிடித்ததைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள், ஒரு தேநீர் குடியுங்கள், மறுநாள் போய் அதையே மறுபடியும் கேளுங்கள். கடை டிப்பைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், முடிந்தால் உங்களுக்குப் பொருந்தும் டிப்பை நீங்களே கொண்டு போங்கள். காதில் குறும்பி அடைத்திருப்பதாகத் தோன்றினாலோ, எதைப் போட்டாலும் ஒரு பக்கம் மட்டும் குறைவாகக் கேட்டாலோ, கிளம்புவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பட்ஸ் வைத்து நீங்களே குடையாதீர்கள்.

உங்களுக்குப் பொருந்தும் அளவு எது என்று தெரிந்துகொள்ளச் சிங்கப்பூர் வரை காத்திருக்க வேண்டாம், தம்பி. அந்த 2,000 ரூபாய் இயர்ஃபோனின் பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்ளே இரண்டு மூன்று ஜோடி டிப் பிரிக்கப்படாமல் கிடக்கும். இன்றைக்கு ராத்திரியே ஒவ்வொன்றாகப் போட்டு, நான் சொன்ன அழுத்திப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். பொருந்திய டிப்போடு கிளம்பும் வரை உங்கள் நான்கு பாட்டுகளையும் அதிலேயே கேளுங்கள். கடையில் லட்ச ரூபாய் இயர்ஃபோனை நீங்கள் ஒப்பிட வேண்டியது அதோடுதான்.