நாய் முடி விரலுக்குள்ள குத்தி இறங்குமா?! க்யூட்டா தெரியுற பெட் க்ரூமர் வேலை உண்மையில இப்படித்தான்

நாய் கடிச்சா வலிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், நாயோட முடி குத்தி ஆபரேஷன் வரைக்கும் போகும்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

வெட்டி விழுற முடி இருக்குல்ல, குட்டையா, விறைப்பா, நுனி கூரா இருக்கும். அது க்ரூமரோட, அதாவது நாய், பூனைக்கு முடி வெட்டி சுத்தம் பண்ணி விடுறவரோட, விரல் இடுக்குல இருக்கிற மெல்லிசான தோலைக் குத்திக்கிட்டு உள்ள போயி அங்கயே உக்காந்துக்கும். உடம்பு சும்மா இருக்குமா, யாருடா இவன் புதுசான்னு சுத்தி வீங்கி, சீழ் வச்சு, சில பேருக்கு கத்தி வச்சுத்தான் எடுக்கணும்ங்கிற நிலைமை வந்துடும். டாக்டர்ங்க இதுக்கு வச்சிருக்கிற பேரு பைலோனிடல் சைனஸ். வழக்கமா இது முதுகுத்தண்டு முடியுற இடத்துல, பின்பக்கப் பிளவுல வர்ற பிரச்சனை. ஆனா சலூன்ல முடி வெட்டுறவங்க, ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறவங்க, நாய் க்ரூமர்ங்க, இவங்களுக்கு விரல் இடுக்குல வரும். அனுபவசாலிங்க வேலை முடிஞ்சதும் லைட்ல கையைப் பிடிச்சு ட்வீசரும் கையுமா உக்காந்திருக்கிறது இதுக்குத்தான். முடி வெட்டுற இடத்துல விரல் வெளிய தெரியுற செருப்போட நின்னுடாதீங்க, பாதத்துலயும் ஏறும்.

[ஸ்க்ரீன்ல: விரல் இடுக்கு படம். சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க]

சரி, க்ரூமிங்னா என்னன்னு வேகமா பாத்துடலாம். சீவுறது, குளிப்பாட்டுறது, ட்ரையர் போடுறது, முடி வெட்டுறது, நகம் வெட்டுறது, காது சுத்தம் பண்றது. சில இடத்துல வாலுக்குக் கீழ, ஆசனவாயை ஒரு கடிகாரமா நினைச்சா 4 மணி, 8 மணி இருக்கிற இடத்துல ரெண்டு குட்டிப் பை இருக்கும், அதைப் பிதுக்கி விடுறதும் சேரும். அந்த நாத்தத்தை நான் விவரிக்க மாட்டேன். நாய்க்குத் தொந்தரவே இல்லன்னா அதைத் தொடவே வேணாம்னுதான் நிறைய வெட்டினரி டாக்டர்ங்களே சொல்றாங்க. பல நாடுகள்ல இந்த வேலைக்கு லைசென்ஸே கட்டாயம் கிடையாது, அதாவது கத்தரிக்கோல் வாங்குனவன் எல்லாம் க்ரூமர்னு போர்டு மாட்டிக்கலாம். எனக்கு இது சுத்தமா பிடிக்கல.

இப்போ மெயின் மேட்டர். சடை.

முடி ஒண்ணோட ஒண்ணு சிக்கிப் பின்னிக்கிட்டு கம்பளித் துணி கணக்கா கெட்டியாயிடும், அதுதான் சடை. காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு, காலர் போடுற இடம், இங்கதான் முதல்ல ஆரம்பிக்கும். மேல தடவிப் பாத்தா பஞ்சு பஞ்சா இருக்கும், ஓனர் நான் தினமும் சீவுறேனே சார்னு சத்தியம் பண்ணுவாரு, பொய்யும் இல்ல, அவர் சீவுறது மேல் முடியை மட்டும், சீப்பு தோல் வரைக்கும் போயிருக்காது. இப்படி வந்த நாயை அப்படியே தண்ணியில போட்டா முடிஞ்சுது கதை, சடை நனைஞ்சு காயும்போது இன்னும் இறுகிடும். அதனால முதல்ல சீப்பு, அப்புறம்தான் சோப்பு. வீட்ல குளிப்பாட்டுறவங்க இந்த ஒரு வரியையாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

உங்க தலைமுடிய யாரோ வலிக்க வலிக்க இழுத்துப் பின்னி, அதை அவுக்கவே விடாம வாரக்கணக்கா வச்சிருந்தா எப்படி இருக்கும்? அந்த நாய் அப்படித்தான் நடந்துக்கிட்டு இருக்கு. அடியில காத்து போகாது, ஈரம் தங்கும், தோல் புண்ணாகும், உண்ணி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். இந்த நிலைமையில ஒரே வழி, சடைக்கு அடியில ப்ளேடு விட்டு மொத்தமா எடுக்குறது. அப்போதான் ஓனர் அந்த டயலாக்கைச் சொல்லுவாரு: ரொம்ப ஷார்ட்டா வெட்டாதீங்க, அந்த போட்டோவுல இருக்கிற மாதிரி டெடி பியர் கட் வேணும். எங்கிருந்து சார் வரும்?

இன்னொரு கொடுமை கேளுங்க. சடை பிடிச்ச காதை ஷேவ் பண்ணதும் திடீர்னு பாரம் போயிடும், நாய் தலையை உதறு உதறுன்னு உதறும், அந்த வேகத்துல காது மடலுக்குள்ள ரத்தக்குழாய் உடைஞ்சு பலூனா வீங்கிடலாம். க்ரூமர் வெட்டிட்டான்னு சண்டைக்கு வருவாங்க. விஷயம் தெரிஞ்ச க்ரூமர் முன்னாடியே எல்லாத்தையும் சொல்லி, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கிட்டுதான் மெஷினையே கையில எடுப்பாங்க.

அட, மெஷின்னதும் ஞாபகம் வருது, இந்தத் தகவல் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சலூன்ல மெஷின்ல மாட்டுற கார்டு (guard, சீப்பு மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் மூடி) இருக்குல்ல, 1ஆம் நம்பர்னா 3 மில்லிமீட்டர், 8ஆம் நம்பர்னா 25, நம்பர் ஏற ஏற முடி நீளமா நிக்கும். நாய் க்ளிப்பர் ப்ளேடுல அப்படியே தலைகீழ்! 4ஆம் நம்பர் சுமார் 9.5 மில்லிமீட்டர் விடும், 10ஆம் நம்பர் கிட்டத்தட்ட 1.5 தான், 40ஆம் நம்பர் வெறும் கால் மில்லிமீட்டர், ஆபரேஷனுக்கு முன்னாடி வழிக்கிறதுக்கு யூஸ் பண்றது. சலூன் வேலையை விட்டுட்டு இங்க வர்றவன் பெரிய நம்பர் போட்டா நீளமா இருக்கும்னு நினைச்சு 40ஐ மாட்டுனான்னா நாய் மொட்டை, அவன் வேலையும் காலி.

மொட்டைன்னதும் ஹஸ்கி, கோல்டன் ரிட்ரீவர், பொமரேனியன் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் காலம்னு ஷேவ் பண்ணச் சொல்லாதீங்க. அதுங்களுக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல் அடுக்கு வெயில்ல இருந்து தோலைக் காப்பாத்துது, ஷேவ் பண்ணா சில நாய்க்கு திட்டு திட்டா வளரும், சிலதுக்கு மாசக்கணக்கா வளராமலே கிடக்கும். உதிர்ற அடி முடியை வாரி எடுத்தாலே காத்தோட்டம் கிடைச்சிடும். இதைச் சொல்லி ஷேவ் பண்ண மாட்டேன்னு கஸ்டமரைத் திருப்பி அனுப்புற க்ரூமரைப் பாத்தீங்கன்னா விட்டுடாதீங்க, அவர்தான் நல்ல க்ரூமர்.

நகம் பத்தி சுருக்கமா: உள்ள ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும், வெள்ளை நகத்துல ரோஸ் கலர்ல தெரியும், கருப்பு நகத்துல தெரியவே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா சீவிக்கிட்டே போகணும். பட்டுடுச்சுன்னா ரத்தத்தை நிறுத்த ஒரு பவுடர் பக்கத்துலயே இருக்கும்.

ஃப்ரீலான்ஸா பண்றவங்க நிலைமை தனி. வேனோ, வீட்டுக்குப் போய் பண்றதோ, முதலாளியும் நீங்கதான் எடுபிடியும் நீங்கதான். நாள் பூரா குனிஞ்சு இடுப்பு போகும், கத்தரி பிடிச்சு மணிக்கட்டு போகும், ட்ரையர் சத்தத்துல காது போகும், லீவு போட்டா அன்னைக்கு வருமானமும் போகும். பூனை கீறினா, நாய் கடிச்சா டாக்டர் செலவும் நம்ம தலையிலதான், ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போட்டுக்கிறவங்க புத்திசாலிங்க. அப்புறம், புக் பண்ணிட்டு கதவையே திறக்காத கஸ்டமர். அட்வான்ஸ் வாங்காம போறது தர்மம், தொழில் இல்ல. ரேட்டையும் நாய் சைஸை வச்சு சொல்லாதீங்க. நல்லா சீவி வச்ச பெரிய லாப்ரடார் சட்டுனு முடிஞ்சிடும், சடை பிடிச்ச குட்டி ஷிட்சு பாதி நாளை முழுங்கிடும். எடுக்குற நேரத்துக்குதான் காசு.

பூனையைப் பத்தி வேணும்னேதான் பேசாம விட்டேன். அதோட தோல் மெல்லிசு, தளர்வா வேற இருக்கும், சடைக்குக் கீழ கத்தரிக்கோல் விட்டா தோலும் சேர்ந்து வெட்டுப்படும், அதனால வீட்ல யாரும் கத்தரியை எடுத்துடாதீங்க. மீதியை தனி வீடியோவாவே போடுறேன், வேணும்ங்கிறவங்க கமெண்ட்ல பூனைன்னு போடுங்க. நாய் வச்சிருக்கிறவங்க இப்பவே காதுக்குப் பின்னாடி விரலை விட்டுப் பாத்துட்டு என்ன சிக்குச்சுன்னு சொல்லுங்க, பொய் சொல்லக் கூடாது.