ஓரத்தில் நிற்பவர்கள்

அனைவருக்கும் வணக்கம். அன்றாடப் புகைப்படம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த போனில் காமிரா நன்றாக இருக்கும் என்று கேட்கலாமென வந்தவர்கள் பக்கத்தில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

1838இல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர் தன் ஜன்னலிலிருந்து கீழே தெரிந்த தெருவைப் படமெடுத்தார். வண்டியும் ஆளுமாக ஜேஜே என்றிருக்கும் தெரு. படத்தைப் பார்த்தால் ஊரையே காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்துத் தகட்டில் படம் விழப் பல நிமிடங்கள் பிடிக்கும். நடந்துகொண்டே இருப்பவர்கள் பதிய மாட்டார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கிவைத்து நிற்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். பாலிஷ் போடுகிறவரும் மங்கலாகத் தெரிகிறார். மனிதர் பதிந்த முதல் புகைப்படம் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இருவருடைய பெயரும் யாருக்கும் தெரியாது. தாகேர் அவர்களை எடுக்க நினைக்கவில்லை, அவர்களும் போஸ் கொடுக்கவில்லை. எடுத்தவர் குறிவைத்தது தெருவை. இன்று நாம் தேடிப் பார்ப்பது அந்த இரண்டு பேரை.

அப்புறம் 1888இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் காமிரா வந்தது. 100 படம் எடுக்கலாம். தீர்ந்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புது பிலிமும் மாட்டித் தருவார்கள். 1900இல் அதே கம்பெனி ஒரு டாலருக்கு பிரௌனி என்ற காமிராவை விற்றது. படம் எடுக்க வித்தை தெரிய வேண்டாம் என்றாகிவிட்டது.

நம் வீடுகளுக்கு அது மெதுவாகத்தான் வந்தது. ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பிலிம் தயாரித்தது என்றாலும், ரோல் வாங்குவதும் கழுவக் கொடுப்பதும் செலவுதான். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் தவிர யாரும் காமிராவைத் தொட மாட்டார்கள். ஒரு ரோலின் 36 படத்தில் நாலு மிச்சமிருந்தால் அடுத்த விசேஷம் வரை ரோல் உள்ளேயே கிடக்கும். நம் ஆல்பங்களை மட்டும் வைத்து ஒருவர் சரித்திரம் எழுதினால், இவர்கள் தினமும் பட்டுக் கட்டிக் கேக் வெட்டினார்கள் என்றுதான் எழுதுவார்.

என் பாட்டியை வீட்டில் யாரும் தனியாகப் படமெடுத்ததில்லை. சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993இல், புகைப்பட வாக்காளர் அட்டை வந்தது அல்லவா? அதற்காக எடுத்ததுதான் அவருடைய ஒரே தனிப்படம். கண்ணை அகல விரித்து, யாரோ அதட்டிய மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் இறந்ததும் அதைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். ஸ்டூடியோக்காரர் நூல் சேலையைப் பட்டாக்கி, சரிகை போட்டு, பின்னால் நீல வானமும் வைத்துக் கொடுத்தார். மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். சரி, அதுவும் மரியாதைதான். ஆனால் அத்தை மகன் பிறந்தநாள் படம் ஒன்று இருக்கிறது. கேக்கைச் சுற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். வலது ஓரத்தில், அடுப்படி நிலையில், கையில் காபி டம்ளர் தட்டோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். போகஸில்கூட இல்லை. அதுதான் பாட்டி. குழந்தையைப் பார்க்காமல், தட்டு சாயாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது போன் வந்துவிட்டது, எல்லாவற்றையும் எடுக்கிறோமே என்பீர்கள். உங்கள் கேலரியைத் திறந்து பாருங்கள். செல்பிகளை விடுங்கள், காலை வணக்க ரோஜாப்பூக்களை அழித்தேவிடுங்கள். மீதி என்ன? மீட்டர் ரீடிங், மாத்திரை அட்டை, பஸ் நேரம் எழுதிய போர்டு, மளிகைச் சீட்டு, கழற்றிய மிக்ஸியை எப்படித் திரும்ப மாட்டுவது என்பதற்கு ஒரு படம். நினைவுக்காக எடுத்தவை அல்ல. ஒரு வேலைக்காக எடுத்தவை. இடம் போதவில்லை என்றால் முதலில் இவற்றைத்தான் அழிக்கிறோம். என்னைக் கேட்டால் இவைதான் அழிக்கக் கூடாதவை. தக்காளி கிலோ என்ன விலை, அப்பா என்ன மாத்திரை சாப்பிட்டார், மளிகைச் சீட்டு யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கிறது. மலைக்கோயில் முன்னால் நின்ற படம் எந்தக் குடும்பத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். பழைய ஆல்பங்களில் பசைத்தாளின் மேல் பிளாஸ்டிக் மூடியவை இருக்கும். அந்தப் பசை படத்தைப் பழுப்பாக்குகிறது. பசையிலிருந்து கழன்று வரும் படங்களை மெதுவாக எடுத்து வெளியே வையுங்கள். வராததை இழுக்க வேண்டாம், அப்படியே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் வருடமும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.

வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவரச் சொல்லியிருந்தோமே, அதை எடுத்துப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுங்கள். நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு, ஓரத்திலும் பின்னாலும் என்ன தெரிகிறது என்று அவர் சொல்லட்டும். முன்வரிசையில் அந்த நீலச் சட்டைக்காரர் தொடங்குங்கள். பென்சில் இங்கே மேசைமேல் இருக்கிறது.