ஒரே ஒரு ரோமன் மைல் நடப்போமா? | ஹேட்ரியன் சுவர் வ்லாக்

வணக்கம் மக்களே! காத்து பலமா அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்கோங்க. வட இங்கிலாந்துல கில்ஸ்லாண்ட்னு ஒரு சின்ன ஊர்ல நிக்கிறேன். கி.பி. 122-ல ரோமன் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்த சமயத்துல ஆரம்பிச்ச எல்லைச் சுவர் இது. கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரைக்கும் 80 ரோமன் மைல், நம்ம கணக்குல 117 கிலோமீட்டர் சொச்சம். அதுல இன்னிக்கு ஒரே ஒரு மைல்தான் நடக்கப் போறோம். எனக்கு இந்தச் சுவர்லயே ரொம்பப் பிடிச்ச மைல் இது.

ரயில் பாதைக்குப் பக்கத்துல இருக்கிற இது 48-வது மைல் கோட்டை. மைலுக்கு ஒரு குட்டிக் கோட்டை, ரெண்டு கோட்டைக்கு நடுவுல ரெண்டு காவல் கோபுரம், அதுதான் கணக்கு. ஊர்க்காரங்க இதை "ராஜாவோட குதிரை லாயம்"னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. உண்மையில சிப்பாய்ங்க தங்கின இடம்.

இந்த மூலைக்கு வாங்க. படி தெரியுதா? அடியில சில படிங்கதான் மிச்சம். இந்தச் சுவர் எங்கயுமே முழு உயரத்துல மிஞ்சலை. அப்போ உயரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தப் படிங்களோட சரிவை அளந்து, அதை அப்படியே மேல நீட்டிப் பார்த்தாங்க. சுமார் 12 அடியில, ஆள் நடக்குற மேல்தளம் வந்திருக்கணும்னு கணக்கு வந்துச்சு. உடைஞ்சு போன நாலு கல்லு இவ்வளவு சொல்லுது!

சரி, மேற்கே நடப்போம். இப்போ கேமராவைக் கீழ இறக்குறேன். அஸ்திவாரம் அகலமா இருக்கு, மேல சுவர் உள்ள தள்ளி ஒல்லியா நிக்குது. முதல் திட்டம் 10 ரோமன் அடி அகலம். அஸ்திவாரம் போடுற குழு முன்னாடியே போயிட்டாங்க, கோபுரங்களும் எழும்பிடுச்சு. அப்புறம்தான் சுவரை ஒல்லியாக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. வேலை சீக்கிரம் முடியணும், கல்லும் மிச்சமாகணும்னு ஆராய்ச்சியாளர்கள் காரணம் சொல்றாங்க.

இதோ கோபுரம். ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி அகலமான சுவர்த் துண்டு இருக்கு பாருங்க. வரப்போற அகலச் சுவரோட சேரட்டும்னு விட்டு வெச்சது. வந்து சேர்ந்ததோ ஒல்லிச் சுவர்! அந்த இடத்துல சுவர் படி மாதிரி ஒடுங்குது. 1900 வருஷம் ஆச்சு, அன்னிக்கு மாறின திட்டம் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. எனக்கு இங்க நிக்கிறப்போ சிலிர்க்குது.

கல்லையும் பாருங்க. ஒரு ஆள் தூக்குற அளவு, அதனால வேலை ஓடியிருக்கு. முகம் சதுரம், பின்பக்கம் ஆப்பு மாதிரி ஒடுங்கி உள்ள போயிடும். நடுவுல உடைகல்லும் களிமண்ணும், இல்லேன்னா சுண்ணாம்புக் கலவையும் போட்டு நிரப்பியிருக்காங்க. கட்டினவங்க 3 லீஜியன், அதாவது ரோமன் பெரும்படைப் பிரிவைச் சேர்ந்த படைக்காரங்க. ஒவ்வொரு குழுவும் முடிச்ச இடத்துல தங்களோட தலைவன் பேரைக் கல்லுல வெட்டியிருக்காங்க. இந்த வில்லோஃபோர்ட் பண்ணைக் கட்டடச் சுவர்ல அப்படி ஒரு கல்லு பதிச்சிருக்கு: கெல்லியஸ் பிலிப்பஸ். பண்ணை கட்டினவங்களுக்கு ரோமன் சுவர்தான் கைக்கு எட்டின கல் குவாரி.

மெதுவா இறங்கி வாங்க, சறுக்கும். இந்தப் பெரிய பெரிய கல்லெல்லாம் பாலத்தோட கரைத்தாங்கி. ஆறு எங்கன்னு தேடுறீங்களா? அதோ, மேற்கே நகர்ந்து போயிடுச்சு! இர்திங் ஆறு வெள்ளத்துல கரையை அரிச்சு அரிச்சு வழி மாத்திக்கிட்டதால, பாலத்தோட காலு மட்டும் புல்வெளியில தனியா நிக்குது. வெள்ளத்துக்கு ஈடு கொடுக்க இதை ரோமானியர் காலத்துலயே பல தடவை மாத்திக் கட்டியிருக்காங்க.

எதிர்ல தெரியுற செங்குத்து மேட்டு மேல 49-வது மைல் கோட்டை. அங்கிருந்து மேற்குக் கடல் வரைக்கும் முதல்ல கல்லே கிடையாது, புல்லோட வெட்டின மண்கட்டிங்களை அடுக்கி எழுப்பின சுவர், அடி அகலம் சுமார் 6 மீட்டர். பிறகுதான் கல்லுல மாத்தினாங்க. வெளிச்சம் இருக்கும்போதே மேல ஏறிடலாம், நடைபாலம் அந்தப் பக்கம் இருக்கு, வாங்க.