மழைக்கு முன்னே பறித்த தக்காளிக்காய்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு தக்காளிச் செடி எப்போதும் நிற்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால், பழுக்கிற பழம் வெடித்துவிடும், மண்ணில் பட்டது அழுகிவிடும். அதனால் மழைக்கு முன்னே காயாகப் பறித்துவிடுவோம்.

முதல் தடவை அப்படிப் பறித்தபோது நான் செய்தது தப்பு. பழுக்க வெயில் வேண்டும் என்று நினைத்து, முற்றத்துக் கல்லில் பரப்பி வைத்தேன். சில நாளில் தோல் சுருங்கி, ஒருமாதிரி மஞ்சளாக நின்றுவிட்டது. சிவப்பு ஏறவே இல்லை. அப்பத்தா பார்த்துவிட்டு, "வெயில்ல வெச்சா வெம்பித்தான்டி போகும், உள்ளே இருட்டுல வை" என்றார்கள்.

அவர்கள் சொன்னது சரிதான். பறித்த காய் பழுக்க வெளிச்சம் தேவையில்லை. தக்காளி தனக்குள்ளேயே எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்கித் தானே பழுக்கும். சிவப்பு நிறத்தைத் தருவது லைக்கோபீன். அது 20 முதல் 25 டிகிரி சூட்டில் நன்றாகச் சேரும், 30 டிகிரிக்கு மேலே போனால் தடைபடும். மஞ்சள் நிறமி மட்டும் தங்கிவிடும். என் முற்றத்தில் நடந்தது அதுதான். நம் பழைய வீடுகளில் தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை. வளவு என்று நாங்கள் சொல்லும் உள்கட்டை ஒட்டிய அறை மதியத்திலும் குளுகுளுவென்று இருக்கும். தக்காளிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தக் குளிரில் பச்சைக்காய் பழுக்காது, ருசியும் மணமும் கெட்டுப்போகும்.

எந்தக் காய் பழுக்கும்? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முற்றிய காயாக இருக்க வேண்டும். முழு அளவுக்கு வளர்ந்து, தோல் பளபளத்து, அடிப்பக்கம் கொஞ்சம் வெளிறியிருக்கும். சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றி வழுவழுப்பான கூழ் கட்டியிருந்து, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் விலகினால் முற்றிவிட்டது. விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பிஞ்சு. அந்தச் செடியில் அதே அளவில் இருக்கிற மற்றதும் பிஞ்சாகத்தான் இருக்கும். அதை எத்தனை நாள் வைத்தாலும் நல்ல பழமாகாது.

முற்றியதைக் கழுவாமல் துணியால் துடைத்து, காம்பைக் கிள்ளிவிட்டுக் கொட்டான் என்கிற ஓலைக்கூடையில் வையுங்கள். காம்பு இருந்தால் பக்கத்துக் காயைக் குத்தும், குத்திய இடத்தில் அழுகும். பனையோலைக் கொட்டானில் காற்று போய்வரும் என்பதால் நான் அதையே வைத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்துப்போய்ப் பூஞ்சை பிடிக்கும். ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே செய்தித்தாள் போட்டு மூடினால் போதும். சீக்கிரம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு பழுத்த வாழைப்பழம். அதிலிருந்து வரும் எத்திலீன் மற்றதையும் தூண்டிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் செங்காயாகி, அப்புறம் சிவக்கும். தினமும் ஒரு தடவை தாளை விலக்கிப் பாருங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் கெடும், உடனே எடுத்துவிடுங்கள்.

அவசரத்துக்குக் கார்பைடு கல்லை மட்டும் யாரும் தொடவே கூடாது. அதிலிருந்து வருவது அசிட்டிலீன் என்ற வாயு. ஆர்சனிக், பாஸ்பரஸ் என்ற நச்சுக் கலப்பும் அதில் இருக்கும். பழம் பழுக்க வைக்க நம் நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடுகிற பொருளில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஒதுக்கி வைத்த பிஞ்சை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நல்லெண்ணெயில் வரமிளகாய், உளுந்தம்பருப்பு வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் பிஞ்சை நறுக்கிப் போட்டுப் பச்சை வாடை போக வதக்கி, உப்புச் சேர்த்து அரைத்தால் துவையல். மழை நாளில் சுடுசோற்றில் அதைப் பிசைந்து சாப்பிடத்தான் எங்கள் வீட்டில் போட்டி.